மச்சான் கை நழுவிய இரவில் கடவுள் எங்கே இருந்தார்?

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையிலிருந்து ஒரு மீனவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது இவர் ஆழ்கடலில் தொழிலில் இருந்தார். படகு கவிழ்ந்தது. இவரும் தங்கையின் கணவரும் ஒரே கன்னாஸை, அதாவது பிளாஸ்டிக் கேனை, பிடித்துக்கொண்டு இரண்டு இரவும் ஒரு பகலும் மிதந்தார்கள். அந்தப் பகல் முழுவதும் மச்சான் தன் மகளின் புதுநன்மையைப் பற்றியே, அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகும் நாளைப் பற்றியே, பேசிக்கொண்டிருந்தார். “ரெண்டு பேரையும் கரை சேர்த்தால் நாங்கள் ரெண்டு பேரும் நடந்தே வேளாங்கண்ணிக்கு வருகிறோம், தாயே” என்று இருவரும் சேர்ந்து நேர்ந்துகொண்டார்கள். இரண்டாம் இரவில் மச்சான் பேச்சு குழறியது. “தெய்வமும் இல்லை, மாதாவும் இல்லை, எல்லாம் பொய்” என்று கத்திவிட்டுப் பிடியை விட்டுவிட்டார். விடியும் நேரத்தில், பின்னாலிருந்து யாரோ தோளைத் தாங்கி “விடாதே” என்று சொன்னதாக இவருக்குத் தோன்றியது. அன்று காலை வேறொரு ஊர்ப் படகு இவரைத் தூக்கியது. மச்சானின் உடல் கிடைக்கவே இல்லை.

தங்கையிடம் “செபமாலை சொல்லிக்கொண்டே அமைதியாகப் போனார்” என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பொய் இவரை அரிக்கிறது. காற்றும் மழையும் வந்தால் இரவு முழுக்க உட்கார்ந்தே இருக்கிறார். தூங்குவதற்காகத் தினமும் ஒரு குவார்ட்டர். கடலுக்குப் போவதை விட்டு ரப்பர் தோட்டத்திலும் கட்டட வேலையிலும் ஓடிக்கொண்டிருக்கிறார். மகனுக்கு வலிப்பு வந்ததும், நேர்ச்சையைச் செலுத்தாததுதான் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள். “உன்னைக் கடவுள் காப்பாற்றினார்” என்று யாராவது சொன்னால் எரிச்சல் வருகிறது. கோயிலுக்குள் போக முடியவில்லை. சில இரவுகளில் எழுந்து கடலுக்குள் நடந்துபோய்விடலாமா என்று தோன்றுகிறதாம். “எனக்கு விசுவாசம் போய்விட்டதா? மச்சான் நரகத்திலா? நான் கேட்ட குரல் உண்மையா? தங்கையிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமா? திரும்பத் தொழிலுக்குப் போகலாமா?” என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் உங்கள் கடிதத்தில் கடைசிப் பக்கத்தில் ஓரமாக எழுதியிருந்ததைப் பேசிவிடுவோம். கடலுக்குள் நடந்துபோகத் தோன்றும் இரவு இனி வந்தால், அது நீங்கள் தனியாகச் சமாளிக்க வேண்டிய விஷயம் இல்லை. மனைவியை எழுப்புங்கள். 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநலச் சேவை, எந்த நேரத்திலும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. இதை இன்றே மனைவியின் போனிலும் பதிந்து வையுங்கள். மற்ற கேள்விகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

நான் உளவியல் ஆலோசகர், குருவானவர் இல்லை. ஆனால் நானும் செபித்து வளர்ந்தவள்தான். உங்கள் கேள்விகளில் பாதி மனத்தைப் பற்றியது, பாதி கடவுளைப் பற்றியது. இரண்டையும் பிரித்துப் பேசினால் உங்களுக்குப் பதில் சொன்னதாக ஆகாது.

நேர்ச்சை உங்களைக் கட்டவில்லை

“ரெண்டு பேரையும் கரை சேர்த்தால்” என்பதுதான் நீங்கள் நேர்ந்துகொண்டது. அந்த நிபந்தனை நிறைவேறவில்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1194-ஆம் பிரிவு, நேர்ச்சை எந்த நிபந்தனையைச் சார்ந்திருந்ததோ அது இல்லாமல்போனால் நேர்ச்சையும் முடிந்துவிடும் என்கிறது. அதையும் மீறி மனம் உறுத்தினால், தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து தகுந்த காரணத்துக்காக விடுவிக்கும் அதிகாரம் உங்கள் பங்குத்தந்தைக்கே இருக்கிறது (பிரிவு 1196). ஆயர் வரை போக வேண்டியதில்லை. ஒரு மாலை அவரைப் போய்ப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

மகனின் வலிப்புக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. வலிப்பு மூளை சம்பந்தப்பட்ட நோய். பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையிலேயே கட்டுக்குள் வரும். “அப்பா நேர்ச்சை செலுத்தாததால்தான் எனக்கு இப்படி” என்று அந்தப் பையன் நம்பி வளர விடாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் அப்படிப் பேசினால், இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் குரலை உயர்த்திப் பேசினாலும் தப்பில்லை.

பிறகு ஒருநாள், மனம் ஆறி, வேளாங்கண்ணிக்கு நடந்துபோக ஆசை வந்தால் தாராளமாகப் போங்கள். கடன் அடைக்கப் போகிறோம் என்ற நினைப்போடு மட்டும் போகாதீர்கள்.

“என்னை மட்டும் ஏன்?”

“உன்னைக் கடவுள் காப்பாற்றினார்” என்ற சொல் ஏன் எரிச்சலைத் தருகிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்த வாக்கியத்துக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது: “அப்படியானால் மச்சானைக் காப்பாற்றவில்லை.” சொல்பவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். கேட்கும் உங்களுக்கு அது தீர்ப்பு மாதிரி விழுகிறது. உங்கள் கோபத்தை அவிசுவாசம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. மச்சான் மேல் நீங்கள் வைத்த பாசம் அந்தக் கணக்கை ஏற்க மறுக்கிறது.

வேளாங்கண்ணியின் கதை உங்களுக்குத் தெரியும். புயலில் சிக்கிய போர்ச்சுகீசிய மாலுமிகள் மாதாவை வேண்டிக் கரை சேர்ந்து, நன்றியாகக் கோயில் கட்டினார்கள் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. அதே கரையில்தான் 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கோயிலுக்கு வந்திருந்தவர்களையே அலை கொண்டுபோனது. அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்கு நா எழும்? பிழைத்தவர் நல்லவர், போனவர் குறையுள்ளவர் என்ற கணக்கு கடற்கரையில் செல்லாது.

இங்கிலாந்தில் ஜான் நியூட்டன் என்று ஒருவர் இருந்தார், மாலுமி. 1748 மார்ச்சில் வடக்கு அட்லாண்டிக்கில் அவருடைய கப்பல் புயலில் சிக்கியது. மேல்தளத்துக்கு ஏறப்போனவரைக் கேப்டன் தடுத்து, ஒரு கத்தியை எடுத்து வரச் சொன்னார். அவர் திரும்பிப் போன நேரத்தில் வேறொருவர் ஏறினார். ஏறியவரை அலை அடித்துக்கொண்டு போனது. நியூட்டன் அப்போது கடவுளைப் பழித்துப் பேசுவதில் பேர்போனவர். போனவரைவிட அவர் எந்த விதத்திலும் தகுதியானவராக இல்லை. தண்ணீர் இறைக்கும் வேலைக்கு நடுவே “ஆண்டவர் இரங்கட்டும்” என்று வாயில் வந்துவிட்டது, அடுத்த நொடியே “எனக்கு என்ன இரக்கம் கிடைக்கும்?” என்றும் தோன்றியது. ஏறக்குறைய நான்கு வாரம் தத்தளித்து அயர்லாந்துக் கரையைத் தொட்டார்கள்.

கரை சேர்ந்த அன்றே அவர் புனிதர் ஆகிவிடவில்லை. அதற்குப் பிறகும் 1754 வரை அடிமை வணிகக் கப்பல்களில் வேலை செய்தார். அந்தக் கொடுமைக்கு எதிராக அவர் வெளிப்படையாக எழுதியது 1788-இல், நாற்பது வருஷம் கழித்து. புயலில் பிறந்த நம்பிக்கை ஒரே நாளில் முழுசாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, தம்பி. உங்களுடையது இப்போது பேசாமல் கிடக்கிறது. செத்துவிட்டது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

“நான்தான் அந்தத் தடவை மச்சானைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனேன்” என்றும் எழுதியிருந்தீர்கள். நவம்பர் 29 காலையில் ஒக்கி வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்தான். மறுநாள் காலையில் குமரிக்குப் பக்கத்திலேயே புயலாக மாறிவிட்டது. நீங்கள் அதற்குப் பல நாள் முன்பே கரையை விட்டவர்கள், வயர்லெஸ் எட்டாத தூரத்தில் இருந்தவர்கள். நடந்தபிறகு தெரிந்ததை வைத்து, நடக்கும் முன்பு இருந்த உங்களைக் குற்றவாளி ஆக்குகிறீர்கள். தொழிலுக்கு வா என்று மச்சானைக் கூப்பிட்டதில் என்ன பாவம்? அவர் வீட்டிலும் அடுப்பு எரியத்தானே கூப்பிட்டீர்கள்.

மச்சானின் கடைசிச் சொல்

நரகமா என்று கேட்டீர்கள். அந்த இரவில் அவர் உடம்புக்கு என்ன நடந்தது என்பதை முதலில் சொல்கிறேன். நம் கடல் வெதுவெதுப்பானதுதான். ஆனாலும் தண்ணீர் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். மணிக்கணக்கில் கிடந்தால் வெப்பக் கடலிலும் உடம்பு குளிர்ந்துபோகும். குடிக்க ஒரு சொட்டு நல்ல தண்ணீர் இல்லை. தாகம் தாங்காமல் மச்சான் கடல்நீரைக் குடித்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அதை வெளியேற்றச் சிறுநீரகத்துக்கு, குடித்ததைவிட அதிகத் தண்ணீர் தேவைப்படும். விளைவு, மூளை குழம்பும். பேச்சு குழறும், இல்லாதது தெரியும், ஆள் வெறிபிடித்த மாதிரி கத்துவார், கை தானாகப் பிடியை விடும். நீங்கள் விவரித்த ஒவ்வொன்றும் இதில் இருக்கிறது. அவர் யோசித்து எடுத்த முடிவு இல்லை அது. அந்த நிலையில் வந்த சொல்லை ஒரு மனிதனின் விசுவாச அறிக்கையாக எடுத்துக்கொள்ள முடியாது.

சுய நினைவோடு சொன்னதாகவே வைத்துக்கொள்வோம், அப்போதும் பாருங்கள். படகில் சீடர்கள் இயேசுவை எழுப்பி, நாங்கள் சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்று கேட்டார்கள். மரியாதையான செபமா அது? கோபத்தில் வந்த கேள்வி. அவர் எழுந்து முதலில் காற்றை அடக்கினார். கடிந்துகொண்டது அதற்குப் பிறகுதான். சிலுவையில் அவரே, என் இறைவனே ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கத்தினார். அந்தக் கேள்விக்குத் திருச்சபையின் நடுமையத்தில் இடம் இருக்கிறது. புனித வாரத்தில் ஊரே சேர்ந்து அதைக் கேட்கிறோம். உங்கள் மச்சான் அதற்கு வெளியே போய்விட்டார் என்று சொல்ல என்னால் முடியாது.

புனித பவுலை ரோமுக்குக் கொண்டுபோன கப்பலின் கதை திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது; கடல்தொழில் தெரிந்த நீங்கள் வாசித்தால் எனக்குப் புரிவதைவிட அதிகம் புரியும். பதினான்கு நாள் புயல், 276 பேர், நாள்கணக்கில் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. பிழைப்போம் என்ற நம்பிக்கையே எங்களுக்கு அற்றுப்போனது என்று எழுதியிருக்கிறது. எங்களுக்கு என்கிறார் எழுதியவர்; விசுவாசிகள் நீங்கலாக என்று சொல்லவில்லை. யாரும் சாகமாட்டார்கள் என்ற செய்தி பவுலுக்கு வந்த பிறகும் ஆழம் பார்க்கிறார்கள், நான்கு நங்கூரம் இறக்குகிறார்கள். பவுல் எல்லோரையும் சாப்பிட வைக்கிறார். தானியத்தைக் கடலில் கொட்டுகிறார்கள். கடைசியில் நீந்தத் தெரிந்தவர் நீந்தி, தெரியாதவர் பலகையைப் பிடித்து மால்டாத் தீவில் கரையேறுகிறார்கள். கடவுள் மேல் நம்பிக்கை என்பது அந்தக் கப்பலில் இத்தனை வேலையாகத்தான் இருந்தது. நீங்கள் இரண்டு இரவு கன்னாஸைப் பிடித்துக் கிடந்ததும், மச்சானைப் பேசவைத்துக்கொண்டே இருந்ததும் எனக்குச் செபமாகவே தெரிகிறது.

அந்தக் குரல்

உங்களுக்குப் பைத்தியம் இல்லை. சாவின் விளிம்பில் தனித்து நின்ற பலர், பக்கத்தில் இன்னொருவர் இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். 1916-இல் தென்துருவப் பயணி ஷேக்கிள்டன் இரண்டு பேரோடு தெற்கு ஜார்ஜியா தீவின் பனிமலைகளைக் கடந்தபோது, தாங்கள் மூவரா நால்வரா என்று அடிக்கடி தோன்றியதாக எழுதியிருக்கிறார். கூட வந்தவர்களுக்கும் அப்படியே தோன்றியதாம்.

களைப்பும் தாகமும் தூக்கமின்மையும் சேர்ந்தால் மூளை இப்படி ஒரு துணையை உணரக்கூடும் என்று என் துறை சொல்கிறது. கடவுள் அந்த மூளை வழியாகவே உங்களைத் தாங்கியிருக்கக் கூடாது என்று என் துறையால் சொல்ல முடியாது. மாதாவா, மச்சானா என்று இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. நான் கவனிப்பது வேறு: அன்றைக்குக் கேட்டது “விடாதே” என்ற சொல். இப்போது சில இரவுகளில் கடலுக்குள் நடக்கச் சொல்கிறதே, அது அந்தக் குரல் இல்லை. அது நோய். அப்படி அந்தச் சொல் யாரோ உங்கள் காதில் பேசுவதுபோலக் கேட்டால், தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருந்தும் செபமும்

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயின் அடையாளங்கள் தெளிவாக இருக்கின்றன: காற்று கேட்டால் உடம்பு அந்த இரவுக்கே திரும்பிவிடுகிறது, கடல் பக்கமே போக முடியவில்லை, தூக்கம் இல்லை, குற்ற உணர்ச்சி. நேரில் பார்க்காமல் நான் நோய்ப்பெயரை உறுதிசெய்யக் கூடாது. “இத்தனை வருஷம் ஆகிவிட்டது, இனி என்ன” என்று மட்டும் நினைக்காதீர்கள். எத்தனை வருஷம் கழித்தும் இதற்குச் சிகிச்சை பலன் தருகிறது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அந்த இரவைப் பாதுகாப்பான இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிக் கடக்கும் முறை ஒன்று, தேவைப்பட்டால் மாத்திரை. மாத்திரை வேலைசெய்யச் சில வாரம் ஆகும்; நடுவில் தானாக நிறுத்தக் கூடாது. நீங்கள் அங்கே பேசுவது ரகசியமாகவே இருக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்களுக்குத் தரும் உரிமை.

குவார்ட்டர் தூங்க வைக்கிறது என்கிறீர்கள். கண்ணை மூட வைக்கிறது, அவ்வளவுதான். பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்து, கெட்ட கனவையும் அதுவே கூட்டும். கடலுக்குள் நடக்கும் எண்ணம் வரும் இரவில் உள்ளே சாராயமும் இருந்தால் ஆபத்து பல மடங்கு. ஆனால் பல வருஷம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம். அதனால் மருத்துவரிடம் அளவை மறைக்காமல் சொல்லி, அவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள்.

கோயிலுக்குள் போக முடியாவிட்டால் வாசலில் உட்காருங்கள். அதுவும் முடியாத ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருங்கள். செபம் வராதபோது மனைவி செபிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

தொழிலுக்குத் திரும்புவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விசுவாசத்தை நிரூபிக்கப் போகாதீர்கள். பயந்து ஒதுங்கியதற்காக வெட்கப்படவும் வேண்டாம். சிகிச்சை தொடங்கிச் சில மாதம் கழித்து, மனம் கேட்டால், கரை தெரியும் தூரத்தில் காலை போய் மதியம் திரும்பும் வள்ளத்தில் ஆரம்பியுங்கள். உயிர்காப்பு அங்கி, செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர், கடலோரக் காவல்படையின் 1554 எண், இவை இல்லாத படகில் ஏறாதீர்கள். பவுலும் மால்டாவில் மூன்று மாதம் இருந்துவிட்டுத்தான் அடுத்த கப்பலில் ஏறினார். ரப்பர் தோட்டமே போதும் என்று தோன்றினால் அதுவும் நல்ல வாழ்க்கைதான்.

தங்கையிடம் என்ன சொல்வது?

இதுதான் கடினமானது. நீங்கள் சொன்ன பொய் அன்பினால் வந்தது. ஆனாலும் அது உங்களைத் தங்கையிடமிருந்து பிரித்துவைத்திருக்கிறது. அவள் முகத்தைப் பார்த்துப் பேசியே வருஷங்கள் ஆகின்றன என்கிறீர்கள். உடல் கிடைக்காத சாவில் வீட்டுக்காரர்களுக்கு முடிவே வருவதில்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் எல்லோரும் பூ வைக்கப் போகும்போது அவளுக்குப் போக இடம் இல்லை. அந்த மாதம் முடியும்போது ஒக்கி புயலாக மாறிய அதே 30-ஆம் தேதி வருகிறது, மீனவரான அந்திரேயாவின் திருநாள். அவளிடம் இருப்பது நீங்கள் சொன்ன அந்த ஒரு வரி மட்டும்தான். அதைப் பிடுங்கும்போது அந்த இடத்தில் வேறு எதையாவது வைக்க வேண்டும்.

ஆகவே உடனே போய்க் கொட்டிவிடாதீர்கள். முதலில் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுங்கள், அது அந்தக் குருவானவரைத் தாண்டிப் போகாது. அப்புறம் ஆலோசகரிடம். உங்கள் பாரம் கொஞ்சம் இறங்கிய பிறகு, தங்கைக்கு என்ன தேவை என்று நிதானமாகப் பார்க்க முடியும். அவளாகக் கேட்டால் பொய்யைத் திரும்பச் சொல்லாதீர்கள். “கடைசி நேரத்தில் அவனுக்கு நினைவு தவறிவிட்டது, என்னென்னவோ பேசினான்” என்பதில் பொய் இல்லை. இன்னும் கேட்டால் இன்னும் சொல்லுங்கள், அவள் கேட்கும் அளவுக்கு மட்டும். நவம்பர் மாதத்தில் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். அவளோடு உங்கள் மனைவியோ அவளுக்கு நெருங்கிய தோழியோ இருக்கட்டும்.

அதற்கெல்லாம் முன்பாகச் சொல்லக்கூடிய ஒன்று உங்களிடம் இருக்கிறது, அதை இதுவரை அவளிடம் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பகல் முழுக்க மச்சான் மகளின் புதுநன்மை உடுப்பைப் பற்றிப் பேசினார். வெள்ளைத் துணி எந்தக் கடையில் எடுப்பது, தையலுக்கு யாரிடம் கொடுப்பது, அன்றைக்கு எத்தனை பேருக்குச் சோறு என்று கணக்குப் போட்டார். நல்ல நினைவோடு, சுய புத்தியோடு பேசியது அது. அந்தப் பெண் இப்போது பெரியவளாகிவிட்டாள். அப்பா கடைசியாக யாரை நினைத்தார் என்று அவளுக்கும் தெரியாது. இதைச் சொல்ல எந்தச் சிகிச்சையும் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போய், அம்மாவையும் மகளையும் உட்காரவைத்து, அதை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.